நீச்சல் தெரியாதவர்கள் வைத்த விருந்து

நீச்சல் தெரியாத ஒரு குடும்பம் நீச்சல்குளத்து ஓரத்தில் விருந்து வைத்த கதை இது. கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் நானும் சிரித்தேன்.

கடந்த ஆண்டு பூச்சோங்கில் ஒரு கொண்டோவின் 11ஆவது மாடிக்குக் குடிவந்தோம். அப்பாவும் அண்ணனும் சேர்ந்து வங்கிக் கடன் எடுத்து வாங்கிய வீடு. பால் காய்ச்சிய அன்று ஈப்போவிலிருந்தெல்லாம் உறவினர்கள் வந்து வீடு நிறைந்தது. ஆனால், அதே மாடியில் இருக்கும் மற்ற 7 வீடுகளில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்களும் யாரையும் அழைக்கவில்லையே! அதன் பிறகு 5 மாதங்கள் மின்தூக்கியில் அவரவர் கைப்பேசியைப் பார்த்தபடியே ஏறி இறங்கினோம்.

பாட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. பத்துகாஜா பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் சீவியவர் அவர். "லயத்துல ஒரு வீட்டுல கருவாடு வறுத்தா பத்து வீட்டுக்குத் தெரியும். இங்க பக்கத்து வீட்டுல இருக்கிறது ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல" என்று தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

"கீழ நீச்சல்குளத்துக்கிட்ட பார்ட்டி வைக்கலாம். எல்லாரும் வருவாங்க" என்றான் 10 வயதுத் தம்பி.

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "குளத்துப் பக்கம் வேணாம்" என்றார்.

ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. எங்கள் சாமி அறையில் 8 வயதுச் சிறுவனின் படம் ஒன்று மாலையோடு இருக்கிறது. அப்பாவின் தம்பி. 1986ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில், தோட்டத்துக்கு அருகில் இருந்த ஈயக்குட்டையில் மூழ்கிப் போனவர். அன்று அவரோடு இருந்தது அப்பா மட்டும்தான். அப்பாவுக்கு அப்போது வயது 11. அதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. போர்ட்டிக்சனுக்குப் போனாலும் எங்களுக்கு மணலோடு சரி. அலையில் கால் நனைக்கக்கூட அனுமதி கிடைத்ததில்லை.

கடைசியில் அம்மாதான் வழி கண்டார். "தண்ணியில யாரும் எறங்க வேணாங்க. பக்கத்துல உக்காந்து சாப்பிடுவோம். அவ்ளோதான்." அப்பா அரை மனத்தோடு தலையாட்டினார்.

நிர்வாக அலுவலகத்தில் பாரம் நிரப்பினோம், முன்பணம் கட்டினோம், இரவு 10 மணிக்குள் இடத்தைக் காலி செய்வதாகக் கையெழுத்திட்டோம். கோழியை மலாய்க்காரர் கடையில் வாங்கினோம். மாட்டிறைச்சி கிடையாது, சைவத்துக்குத் தனி அடுப்பு. அழைப்பிதழை நானும் தம்பியும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கையில் கொடுத்தோம். கதவுக்குப் பின்னால் இருந்த முகங்களை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

7 வீடுகளில் 5 வீட்டார் வந்தார்கள். எதிர்வீட்டு மக்சிக் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் ஒரு பாத்திரம் மீகூனோடும் வந்தார். சரவாக்கைச் சேர்ந்த தாதியர் ஒருவர் வேலை முடிந்து சீருடையோடு வந்தார். எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக வசிக்கும் சீன முதியவர், தம்புன் பம்பளிமாஸ் ஒன்றை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார். 'சொந்த ஊர் கம்பார்' என்றார்.

பிள்ளைகள் குளத்தில் குதித்தார்கள். தம்பி மட்டும் காய்ந்த சட்டையோடு விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். "இந்தப் பையன் ஏன் இறங்கவில்லை?" என்று அந்த அங்கிள் மலாயில் கேட்டார். அம்மா தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னார்.

அங்கிள் அப்பாவின் பக்கம் திரும்பினார். "லொம்போங்கா?"

அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

"நான் ஈய லொம்போங்கில் வேலை செய்தவன். 14 வருஷம்" என்றார் அங்கிள்.

நம் நாடு ஒரு காலத்தில் உலகிலேயே அதிக ஈயம் தோண்டிய நாடு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதை எப்படித் தோண்டினார்கள் என்று அன்றுதான் கேட்டேன். குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரை உடைப்பார்களாம். அந்தச் சேற்றைப் பம்பு இழுத்து, 'பாலோங்' என்னும் உயரமான மரச்சரிவில் ஏற்றும். கனமான ஈயமணல் அடியில் தங்கிவிடும், மற்றது வழிந்தோடும். குழி மட்டும் நாளுக்கு நாள் ஆழமாகும். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து, ஈய விலை சரிந்தது. லொம்போங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பம்புகள் நின்றன, மழைநீர் நிறைந்தது. இன்று நாம் குடும்பத்தோடு போய்ப் படமெடுத்துக்கொள்ளும் தைப்பிங் ஏரிப் பூங்காவும் சன்வே லகூனும்கூட ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலங்கள்தாம்.

அங்கிள் ஒரு காகிதத் தட்டை எடுத்து மடித்துக் காட்டினார். "ஆற்றங்கரை இப்படிச் சரிவாக இறங்கும். லொம்போங் அப்படியில்லை. இரண்டு எட்டு வைத்தால் தரை இருக்காது. கரை மண்ணும் இளகும். பிடித்தால் கையோடு வந்துவிடும். பெரிய ஆளே ஏற முடியாது."

அப்பா வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மலாயில், ஆனால் யாரிடமோ சொல்வதுபோல், "நான் அவன் கையை விட்டுவிட்டேன்" என்றார்.

நான் அதுவரை கேட்டிராத வாக்கியம் அது. அம்மாவும் கேட்டிருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"விடாமல் இருந்திருந்தால் உன் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் போயிருப்பார்கள்" என்றார் அங்கிள். ஆறுதல் சொல்லும் குரலில் அல்ல. வேலை தெரிந்தவர் வேலையைப் பற்றிச் சொல்லும் குரலில்.

பாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு மலாய் நன்றாகவே புரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பம்பளிமாஸ் சுளை ஒன்றை உரித்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

சற்று நேரம் கழித்து அங்கிள் குளத்தின் விளிம்பைக் காட்டினார். '1.2 மீ' என்று நீல எழுத்தில் இருந்தது. "இங்கே தரை இருக்கிறது. எவ்வளவு ஆழம் என்று எழுதியும் இருக்கிறது."

அப்பா எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக் கால்களைத் தண்ணீரில் வைத்தார். மக்சிக்கின் பேரனிடம் நீச்சலுடை இரவல் வாங்கிவந்த தம்பி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினான். அன்று அவ்வளவுதான். அந்தக் கையை அப்பா கடைசிவரை விடவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் தம்பியும் நீச்சல் பழகுகிறோம். என்னால் 10 மீட்டர் போக முடிகிறது. அப்பா இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் அங்கிளோடு உட்கார்ந்து கம்பாரையும் பத்துகாஜாவையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பாட்டி செய்யும் கொழுக்கட்டையில் ஒரு பங்கு பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

பட்டம் பெற்று வேலைக்குப் போனதும் நம்மில் பலர் இப்படிப்பட்ட மாடிகளில்தான் வாழப்போகிறோம். சிலர் இப்போதே வாழ்கிறீர்கள். ஏறக்குறைய 40 ஆண்டுகளாக அப்பா யாரிடமும் கேட்காத கேள்விக்குப் பதில் தெரிந்த மனிதர், ஒரே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அந்தக் கதவைத் தட்ட எங்களுக்கு 5 மாதங்கள் ஆயின. நீங்கள் இவ்வளவு தாமதிக்க வேண்டாம்.