கிந்தாவின் கச்சேரி பத்து காஜாவுக்குப் போன கதை

பேராக் மாநிலத்தின் தலைநகர் 1937 முதல் ஈப்போ. ஆயினும் அந்நகரை உள்ளடக்கிய கிந்தா மாவட்டத்தின் தலைமையிடமாக, நகருக்குத் தெற்கேயுள்ள பத்து காஜா என்னும் சிற்றூரே இன்றளவும் நீடிக்கிறது. மலாயில் ‘டாயெரா’ எனப்படும் மாவட்டம், ‘முக்கிம்’ என்னும் உட்பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ‘பெங்ஹுலு’ என்னும் ஊர்த்தலைவரின் பொறுப்பில் இருக்க, அவர்களுக்கெல்லாம் மேலாக மாவட்ட அதிகாரி நிலத்தையும் நிர்வாகத்தையும் கவனிப்பது இங்குள்ள அமைப்பு. இத்தனை அதிகாரமும் பெருநகரை விட்டுச் சிற்றூரில் குடியேறியதன் காரணம் கிந்தா ஆற்றில் இருக்கிறது.

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் அணைத்து நிற்க, இடையில் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழும் இப்பள்ளத்தாக்கின் வண்டல் முழுவதும் ஈயமணல் கலந்திருந்தது. சாலையும் இரயிலும் வராத காலத்தில் அந்த ஈயம் படகேறிக் கிந்தா ஆற்றின் வழியே பேராக் ஆற்றை அடைந்து, பின்னர் கடலை நோக்கிச் சென்றது. 1874இல் பங்கோர் உடன்படிக்கையால் பேராக்கில் கால் ஊன்றிய ஆங்கிலேயர், கிந்தாவை ஆளக் கோப்பெங்கை அடுத்த கோத்தா பாருவை முதலில் தேர்ந்தனர். 1880களில் பத்து காஜாவுக்கு இடம்பெயர்ந்தனர். அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டவை படகுத்துறையும் அதனருகே காற்றோட்டமான மேடும்தான். ஈப்போவின் வளர்ச்சி அதற்குப் பின்னரே வேகம் கொண்டது.

ஊர்ப் பெயர் தமிழருக்கு அந்நியமானதன்று. ‘பத்து’ கல்லைக் குறிக்கும். ‘காஜா’வோ நாம் அறிந்த கஜமே. யானை உருவில் தோன்றிய கற்களால் வந்த பெயர் என்பது வழக்கு. மேட்டின் மீது 1892இல் எழுந்த நீதிமன்றத் தொகுதி இன்றும் நிற்கிறது. மருத்துவமனையும் சிறையும் இவ்வூரிலேயே அமைந்ததால், தோட்டத்துத் தமிழருக்குப் பத்து காஜா என்றால் நோயும் வழக்கும் ஒருசேர நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

அந்த வழக்குகளின் தன்மையை எண்ணாமல் இக்கட்டடத்தின் அழகை மட்டும் பாராட்டுவது நியாயமாகாது. ஒப்பந்தக் கூலி முறையில், அதாவது குறிப்பிட்ட காலம் ஒரே முதலாளியிடம் உழைக்கக் கையெழுத்தோ கைநாட்டோ இட்டு வந்த முறையில், தோட்டத்தை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது; தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து விலகிய ஒருவர் வேறு எந்தத் தவறும் இழைக்காமலே சிறைக்குச் செல்ல நேரிட்டது. புதிய ஒப்பந்தங்கள் 1910இல்தான் நிறுத்தப்பட்டன.

அரசுக் கட்டடங்கள் சொல்லாத இன்னொரு சான்று ஊருக்கு வெளியே இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து துரையின் முற்றுப்பெறாத மாளிகைக்கு அருகில், தொழிலாளர் வழிபடும் மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாய் அவரும் ஒரு சுதையுருவமாக நிற்கிறார். துரை 1926இல் லிஸ்பனில் இறந்துபோக மாளிகை அரைகுறையாய் நின்றுவிட்டது. கோயிலோ இன்றும் பூசை காண்கிறது.