மெர்சிங் தீவுகள்: காசைத் தின்பது அறையல்ல, படகு

ஜோகூர்வாசிகளுக்கே ஜோகூர் தீவுகள் எட்டாத தூரம். ஜோகூர் பாரு லார்க்கினில் பேருந்து ஏறினால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் மெர்சிங். கரையில் நின்றாலே கடலில் தீவுகள் தெரியும். ஆனாலும் நம்மவர்களில் பலர் பாத்தாம் போயிருப்பார்கள், ஹாட்யாய் போயிருப்பார்கள், மெர்சிங் படகுத்துறையைத் தாண்டியிருக்கமாட்டார்கள். கேட்டால் ஒரே பதில்தான்: "அதெல்லாம் சிங்கப்பூர்க்காரங்களுக்குங்க. நமக்குக் கட்டுப்படியாகாது."

அது பாதி உண்மை. ராவா தீவில் ஒரு சனிக்கிழமை இரவுக்கு நால்வர் குடும்பமாகத் தங்கப் பார்த்தால், திரையில் வரும் தொகை கண்ணைக் கட்டும். சின்னத் தீவு, பளிங்குத் தண்ணீர், விரல்விட்டு எண்ணும் விடுதிகள். கேட்பவர் அதிகம், இடம் குறைவு. அங்கே சிக்கனம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் மெர்சிங்குக்கு எதிரே கடலில் இருப்பது ராவா மட்டுமா? பெசார், திங்கி, சிபு, பெமாங்கில், அவுர், டாயாங் என்று வரிசையாக இருக்கின்றன. மாநில எல்லையைப் பார்க்காவிட்டால் தியோமானும் உண்டு. அது பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் பெரும்பாலோர் அதற்குப் படகு ஏறுவது ஜோகூரின் மெர்சிங்கில்தான்.

இவற்றில் எது மலிவு என்று கேட்டால், கிட்ட இருக்கும் தீவுதான் மலிவாக இருக்கும் என்று மனம் சொல்லும். இங்கே அந்தக் கணக்கு தலைகீழ். எந்தத் தீவுக்கு மற்றவர்களோடு சேர்ந்து ஏறும் படகு ஓடுகிறதோ, அதுதான் மலிவு.

சும்மா ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். பத்துப் பேர் ஏறும் விசைப்படகுக்குப் போக வர 600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவர் மட்டும் போனால் தலைக்கு 300. அதே படகில் அத்தை வீடு, மாமா வீடு என்று பத்துப் பேர் போனால் தலைக்கு 60. அறை வாடகையில் 20 ரிங்கிட் குறைக்க இணையத்தில் மூன்று இரவு தேடுகிறவர்கள், இந்த 240 ரிங்கிட்டைக் கவனிப்பதில்லை. அறையைப் பதிவு செய்து, பணத்தைக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் "படகு எப்படி?" என்று கேட்கிறார்கள். அப்போது விடுதிக்காரர் சொல்வதுதான் விலை.

அதனால்தான் தனியாகவோ நண்பர்கள் இரண்டு மூன்று பேராகவோ கிளம்பும் இளைஞர்களுக்கு, தூரம் அதிகமானாலும் தியோமான் கைகொடுக்கும். அங்கே ஓடுவது பெரிய பயணிப் படகு. ஒருவர் போனாலும் ஒரே டிக்கெட் விலை. இரண்டு மணி நேரத்துக்குள் தீவைத் தொட்டு, கெந்திங், பாயா, தெக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று கம்போங் கம்போங்காக ஆட்களை இறக்கிக்கொண்டே போகும். ஆயர் பாத்தாங்கிலும் சாலாங்கிலும் மின்விசிறி மட்டும் உள்ள சாதாரண மரவீடுகள் இன்னும் இருக்கின்றன. எந்தக் கம்போங்கில் தங்கப்போகிறோம் என்பதை முன்பே முடிவு செய்வது முக்கியம். தவறான துறையில் இறங்கினால் அடுத்த கம்போங்குக்குக் கடல் டாக்சி பிடிக்க வேண்டும். அது அந்த நாளின் சாப்பாட்டுச் செலவையே விழுங்கிவிடும். தீர்வையில்லாத் தீவு என்று சாக்லேட் மூட்டை கட்டுவதையும் நான் சேமிப்பில் சேர்க்கமாட்டேன்.

சொந்தக் கார், எட்டுப் பத்துப் பேர் என்றால் கதை வேறு. மெர்சிங் வரை போகவே வேண்டாம். அதற்குத் தெற்கே தஞ்சோங் லேமான் என்ற படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து சிபு தீவு அரைமணி நேரம்கூட இல்லை. பேருந்தை நம்பி அங்கே போகமுடியாது. கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சிக்கனம் அது. பாட்டி தாத்தாவும் கைக்குழந்தையும் கூட வந்தால், அலையில் ஆடும் நேரம் குறைவது காசைவிடப் பெரிய லாபம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. சிபு என்று தட்டித் தேடினால் சரவாக்கில் இருக்கும் சிபு நகரமும் அதற்கு விமான டிக்கெட்டும் வந்து நிற்கும். பெசார் என்று தேடினால் மலாக்காவின் புலாவ் பெசார் வரும். பணம் கட்டுவதற்கு முன் பக்கத்தில் மெர்சிங், ஜோகூர் என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். மெர்சிங் படகுத்துறை ஆற்றுக்குள் இருக்கிறது. கடலில் சேரும் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. நீர் வற்றினால் பெரிய படகு வெளியேற முடியாது. ஆகவே அங்கே கடிகாரத்தைவிட ஆயர் பாசாங், ஆயர் சூருட் இரண்டுக்கும்தான் மதிப்பு. நீர் ஏறும்போது படகு, வற்றும்போது காத்திருப்பு. இன்று காலை ஏழு மணிக்குக் கிளம்பிய படகு அடுத்த வாரம் நண்பகலில் கிளம்பலாம். அன்றைய அட்டவணை தெரியாமல் பேருந்து டிக்கெட் வாங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். படகு போய்விட்டிருக்கும், மெர்சிங்கில் ஒரு நாள் அறை எடுத்துத் தங்க வேண்டும். அல்லது நான்கைந்து மணி நேரம் பிள்ளைகளோடு துறையில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு முறை சாப்பிட வேண்டும். முதலில் படகு நேரம், பிறகு பேருந்து, கடைசியில் அறை. இந்த வரிசையில் பதிவு செய்தால் இந்த வீண்செலவு இருக்காது.

அதிகாலைப் படகு என்றால் முதல் நாள் மாலையே மெர்சிங் வந்து, ஊருக்குள் சாதாரண ஹோட்டலில் தங்குவது நல்லது. "ஒரு ராத்திரி வாடகை மிச்சம்" என்று நள்ளிரவில் காரை எடுக்காதீர்கள். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, குளுவாங், காஹாங் வழியாக மெர்சிங் வர வேண்டும். காஹாங்கைத் தாண்டினால் காடும் செம்பனையும்தான். யானை கடக்கும் சாலை அது. எச்சரிக்கைப் பலகையை அழகுக்காக வைக்கவில்லை.

எந்த மாதம் போவது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும், படகுகள் குறையும், கடல் கொந்தளிக்கும். நம் குடும்பங்களுக்கு இதில்தான் சிக்கல். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. தீபாவளியோ அக்டோபர் பிற்பாதிக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில். இரண்டையும் நம்பித் தீவுக்குத் திட்டம் போடக்கூடாது. அந்தச் சமயத்தில் மலிவாக அறை கிடைக்கிறதென்றால், அது மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஜூனில் சிங்கப்பூரின் பள்ளி விடுமுறை. நம் ஆண்டு நடு விடுமுறையும் அதை ஒட்டியே வரும். விலை உச்சத்துக்குப் போகும் காலம் அது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வார நாள்களில் போனால் அதே கடல், அதே அறை, குறைந்த விலை. வார நாள் என்பதிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2014 முதல் ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. முன்பு கோலாலம்பூர்க்காரர்கள் வேலையில் இருக்கும் வெள்ளிக்கிழமையில் ஜோகூர்க்காரர்கள் தீவுக்குக் கிளம்பலாம். இப்போது எல்லோரும் ஒரே இரவில்தான் கிளம்புகிறோம். ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் திரும்புவதற்குச் செலவாவது இரண்டு நாள் விடுப்பு. இளம் ஊழியர்களுக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது முடியாது. அவர்கள் குறுகிய பள்ளி விடுமுறையின் நடுநாள்களைப் பிடிக்கலாம். முதல் சனியும் கடைசி சனியும் வேண்டாம்.

பேக்கேஜ் விலையைப் படிப்பதும் ஒரு கலை. போட்டிருக்கும் எண் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஒருவருக்கு. அதுவும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால். அதில் படகு உண்டா, எத்தனை வேளை சாப்பாடு, ஸ்னோர்க்கலிங் பயணம் எத்தனை முறை, கடல் பூங்காக் கட்டணம் சேர்ந்ததா, எத்தனை வயதுவரை பிள்ளைக்குப் பாதி விலை என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடல் பூங்காக் கட்டணத்தில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதிக விலை. ஆகவே மைகாட், பிள்ளைகளின் மைகிட் கையில் இருக்கட்டும்.

மூன்று வேளைச் சாப்பாட்டோடு வரும் பேக்கேஜ் முதலில் அதிகமாகத் தெரியும். சின்னத் தீவில் அதுதான் லாபம். அங்கே வேறு கடை இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு தண்ணீர்ப் புட்டியும் படகேறி வந்தது. சைவம் சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். புரட்டாசியில் போகிறவர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்போங் சமையலில் "சாயூர்" என்று வரும் கீரையிலும் காயிலும் நெத்திலியோ பெலாச்சானோ ஒளிந்திருக்கும். சமைக்கிற மக்சிக்கிடம் "இக்கான் பிலிஸ் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் தனியாகத் தாளித்துத் தருவார். வெறுமனே "வெஜிடேரியன்" என்றால் கோழி இல்லை என்று மட்டும் புரிந்துகொள்வார்.

பிஸ்கட், தண்ணீர், கொசு மருந்து எல்லாம் மெர்சிங் ஊருக்குள் வாங்கிவிடுங்கள். நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் ஆளுக்கொன்று சொந்தமாக இருந்தால் தினசரி வாடகை மிச்சம். பிள்ளைகளின் முகத்துக்குப் பொருந்துவதும் அதுதான். மாலையில் கடற்கரையில் அகாஸ் என்னும் பொடி ஈ கடிக்கும். அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது பலரின் வழக்கம். ரொக்கமும் வேண்டும், தீவில் ஏடிஎம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்து அவர்களையும் அழைத்துப்போவதாக இருந்தால் இன்னொரு கணக்கு. இந்தியக் கடப்பிதழுக்கு மலேசியாவில் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. 2026 இறுதிவரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும். சாங்கியில் இறங்கி ஜோகூர் வருவது கிட்ட என்று டிக்கெட் போட்டால், விசாக் கட்டணம் தலைக்குத் தலை ஏறும். கோலாலம்பூர் வழியே வரச் சொல்லுங்கள். வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டிய மலேசிய மின்னியல் வருகை அட்டை இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையத்தளம் அரசாங்கத்தினுடையது அல்ல.

நான் ஒரு தீவைத்தான் சொல்ல வேண்டும் என்றால் திங்கியைச் சொல்வேன். கடலிலிருந்து கூம்பாக எழும் மலை. பழைய சீன மாலுமிகளின் வரைபடத்தில் 'தளபதியின் தொப்பி' என்று குறித்திருப்பது இந்தத் தீவைத்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெரிய விடுதிகளின் ஆர்ப்பாட்டம் இல்லை. கம்போங் வீடுகளில் தங்கும் வசதி உண்டு. சிபுவுக்கும் திங்கிக்கும் இடையிலான கடலடியில் புல்வெளிகள் இருக்கின்றன. அதை மேய வருவது கடற்பசு, தமிழ்நாட்டு மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே உயிர். அதற்காகத்தான் 2022இல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசு காப்பகமாக அறிவித்தார்கள். போகிறவர்கள் கண்ணில் அது படுவது அரிது. படகின் விசிறி அடிபட்டும் வலையில் சிக்கியும் சாகும் பிராணி. படகோட்டி வேகத்தைக் குறைத்தால் அவசரப்படுத்தாதீர்கள். இந்தத் தீவுகளைச் சுற்றிய கடல் 1994 முதல் கடல் பூங்கா. பவளத்தை உடைத்து எடுப்பதும் மீன்பிடிப்பதும் குற்றம். தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இவ்வளவு சிக்கனம் சொன்னாலும் ஒன்றில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். 2007 அக்டோபரில், நோன்புப் பெருநாள் கூட்டத்தின்போது, தியோமான் போகும் படகு மெர்சிங் அருகே தீப்பற்றி உயிர்கள் போயின. 2022 ஏப்ரலில் மெர்சிங்குக்கு அப்பால் தோக்கோங் சங்கோலில் முக்குளிக்கப் போன நான்கு வெளிநாட்டவரை நீரோட்டம் இழுத்துச் சென்றது. மூவர் மீட்கப்பட்டனர், 14 வயதுச் சிறுவன் உயிரோடு திரும்பவில்லை. மலிவாக வருகிறேன் என்று அழைக்கும் உரிமமில்லாத படகில் ஏறாதீர்கள். ஏறிய படகில் பிள்ளையின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களுடையதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும். இல்லை என்று சொன்னால் இறங்கிவிடுங்கள். கட்டிய பணம் போகட்டும். நீச்சல் கற்கும் பிள்ளை உள்ள வீட்டில் சரியான அளவில் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவைப்பது இன்னும் நல்லது.

திரும்பும் படகுக்கும் நீர்மட்டம்தான் எசமான். அதிகாலையிலேயே புறப்படச் சொன்னால் அன்றைய காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கேளுங்கள், காசு கட்டியதுதானே. கோலாலம்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் குளுவாங் ரயில் நிலையத்துக் காப்பி வழியில் இருக்கிறது. 1938 முதல் இருக்கும் கடை. ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் இன்னும் எல்லோராலும் வாங்கக்கூடிய விலையில்தான் கிடைக்கின்றன.