ஒரு பட்டறையின் பாயிரம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் நெடுஞ்சாலையில் பெருநிறுவனங்களின் பெயர்கள் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணிற்படும். அச்சாலையிலிருந்து பிரியும் தெருக்களில், தகரக் கூரையின் கீழ், இரண்டு மூன்று சி.என்.சி. லேத்துகளோடு இயங்கும் பட்டறைகளுக்குப் பெரும்பாலும் பெயர்ப்பலகையே இராது. வாங்குபவர் ஒருவரே, அவருக்கு வழி தெரியும். பிறகு பலகை எதற்கு?

அத்தகைய பட்டறை ஒன்றைத் தம் தமையனாரோடு நடத்திவரும் நம் பழைய மாணவர், இணையதளம் தொடங்கப் போவதாகவும் அதற்கு நாலு நல்ல வரி எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். எதற்காகத் தளம் என்றோம். "எல்லாரும் வச்சிருக்காங்க ஐயா" என்றார். வடிவமைப்பாளர் கொடுத்த பட்டியலில் சுழலும் படங்கள் இருந்தன, நிறுவனரின் செய்தி இருந்தது, வருகையாளர் எண்ணிக்கை காட்டும் கட்டம் இருந்தது. வருகின்றவர் யார், வந்து என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. பவணந்தியார் நன்னூலில் ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டியவற்றை எட்டாக வகுக்கிறார். கேட்போர் யார், அவர் பெறும் பயன் யாது என்பவை அவற்றுள் அடங்கும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்று அவரே குறிக்கிறார். இணையதளத்துக்கு இலக்கு வகுப்பது என்று இன்று பேசப்படுவது ஏறக்குறைய இதுவே என்று நமக்குத் தோன்றிற்று. எனவே வரிகளை எழுதுமுன் பாயிரத்தை எழுதுவோம் என்று அவரோடு உட்கார்ந்தோம்.

முதலில் காரணம். இவ்வட்டாரம் அதை ஒருமுறை கண்முன் காட்டிவிட்டது. 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. அதற்குப் பொருள் வழங்கிவந்த ஃபாக்ஸ்கானும் மறுமாதமே இங்கு உற்பத்தியை நிறுத்தியது. வரி வழக்கும் கைமாற்றமும் நடந்த இடம் வேறு. வேலை போனது இங்கே. ஃபாக்ஸ்கான் பின்னர் மீண்டு, இன்று இதே பகுதியில் ஐபோன்களைப் பூட்டுகிறது. பெருநிறுவனம் போய்வரும், ஒருவரையே நம்பிய பட்டறை அதுவரை காத்திருக்க முடியாது. நம் மாணவரின் பட்டறை கடைவது எஞ்சினுக்குள் போகும் புஷ்களும் பின்களும். ஹூண்டாய் 2025-இல் இவ்வட்டாரத்து ஆலையிலிருந்தே கிரெட்டா மின்காரை வெளியிட்டது. மின்காரில் எஞ்சின் இல்லை.

"அப்படின்னா ரெண்டாவது கஸ்டமர் வேணும்" என்றார் அவர். காரணம் கிடைத்துவிட்டது.

இனிக் கேட்போர். அவர் ஊர் உலகமன்று; கையில் ஒரு டிராயிங்கை வைத்துக்கொண்டு, இதை யாரிடம் கொடுக்கலாம் என்று தேடும் பர்ச்சேஸ் அதிகாரி. பம்பு செய்பவராகவோ, மருத்துவக் கருவி செய்பவராகவோ, இரயில்பெட்டிக்கு உதிரிபாகம் தருபவராகவோ இருக்கலாம். அவருக்கு நிறுவனரின் செய்தி வேண்டாம். எந்த எந்திரம், எவ்வளவு விட்டமும் நீளமும் கடையலாம், எந்த உலோகம், எத்தனை மைக்ரான் வரை துல்லியம், அளந்து பார்க்க என்ன கருவி, உத்யம் பதிவும் ஜி.எஸ்.டி. எண்ணும் உண்டா என்பனவே வேண்டும். இவற்றை ஒரே பக்கத்தில் எழுதினோம். உவமையும் அடைமொழியும் இன்றி எழுதுவது எத்துணைக் கடினம் என்பதை அன்று உணர்ந்தோம்.

பயன் ஒன்றே: அவர் டிராயிங்கை அனுப்பவேண்டும். ஆகவே எண்ணவேண்டியது வருகையாளரை அன்று, டிராயிங்கோடு வந்த விசாரணைகளை. பத்தாயிரம் பேர் பார்த்துச் சென்று ஒருவரும் அனுப்பாவிடில் அது வேடிக்கை பார்த்த கூட்டம். பன்னிரண்டு பேர் பார்த்து இருவர் அனுப்பினால் அது வியாபாரம். விசாரணை, கொடுத்த கொட்டேஷன், கிடைத்த ஆர்டர் என மூன்று பத்தி இட்ட நோட்டுப் புத்தகம் போதும். விசாரணையே வராவிடில் குறை தளத்தில். விசாரணை வந்து ஆர்டர் வராவிடில் குறை விலையிலோ, மறுமொழி அனுப்பும் வேகத்திலோ. தளத்தை மாற்றிப் பயனில்லை. காலம் ஓராண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் பார்ப்பது. அதற்குள் எஞ்சினோடு தொடர்பில்லாத வாடிக்கையாளர் ஒருவர். அவ்வளவே இலக்கு.

எழுதி முடித்த பின் அவருடைய தமையனார் ஒரு சொல் சொன்னார்: "ஆர்டர் வந்தா ஓட்ட ஆள் எங்கே?" நியாயமான கேள்வி. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் முதலில் பெரிய ஆலைகளின் வாயிலுக்கே செல்கின்றனர். எனவே கேட்போர் இருவராயினர். இரண்டாமவருக்கு ஆங்கிலப் பக்கம் ஆகாது. என்ன எந்திரம் கற்கலாம், ஷிப்ட் எத்தனை மணி, ஓவர்டைமுக்கு என்ன கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா, எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கவேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதினோம். சம்பளத் தொகையைப் போடலாமா என்று அண்ணனும் தம்பியும் நெடுநேரம் வாதிட்டனர். இறுதியில் போட்டார்கள்.