உடம்பே எண்சுவடி

கணிதம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், எழுத்தறியாத முதியவர் ஒருவரிடம் எண்ணக் கற்றுக்கொண்ட கதை இது. கேட்போர் நகைக்கக்கூடும். நானும் முதலில் நகைத்தவனே.

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பப்புவா நியூகினி நாட்டின் மலைப்பட்டினம் ஒன்றிலுள்ள இடைநிலைப் பாடசாலையில் ஆசிரியனாகச் சேர்ந்தேன். இலங்கையிலிருந்து சென்று அந்நாட்டில் கற்பித்தவர்கள் எனக்கு முன்னரும் பலர் உளர். 1975 செப்டெம்பர் 16ஆம் நாள் சுதந்திரம் பெற்ற அந்நாட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. என் வகுப்பு மாணாக்கரிடையே மட்டும் பத்துத் தாய்மொழிகளுக்குக் குறைவில்லை. அவர்கள் எல்லோரையும் ஒன்றுசேர்ப்பது ‘டொக் பிசின்’ என்னும் பொதுமொழி. அம்மொழியில் ஆசிரியருக்கு ‘டீசா’ என்று பெயர்.

அவ்வாண்டு விடுமுறையின்போது என் மாணவன் ஒருவன், “டீசா, எங்கள் ஊரை வந்து பாருங்கள்” என்று அழைத்தான். அவனூர் சன்டவுன் மாகாணத்து ஒக்சாப்மின் மலைகளுக்கிடையே இருந்தது. பட்டினங்களிலிருந்து அங்கு செல்லத் தெரு இல்லை. சிறிய ஆகாய விமானமொன்று எங்களைப் புல் முளைத்த ஓடுபாதையில் இறக்கிவிட்டுப் பறந்தது. அங்கிருந்து அரைநாள் மலையேறி, மரக்கட்டை ஒன்றே பாலமாகக் கிடந்த ஓர் ஆற்றைக் கடந்து, மாலையில் ஊர் சேர்ந்தோம்.

ஊர் என்றால் பத்துப் பன்னிரண்டு வீடுகள். புல்லாலும் தாழையோலையாலும் வேய்ந்த தாழ்ந்த கூரைகள். வீட்டின் நடுவே இரவு முழுதும் அணையாத நெருப்பு. மலைக்குளிருக்கு அந்நெருப்பே போர்வை. ஆனால் புகை செல்ல வழியில்லாமையால் முதியோர் இருமிக்கொண்டே உறங்கினர். குழந்தைகளின் கண்கள் சிவந்திருந்தன. விடிந்ததும் பெண்கள் நாரினால் முடைந்த ‘பிலும்’ என்னும் பையை நெற்றியில் மாட்டி, முதுகிலே தொங்கவிட்டுக்கொண்டு தோட்டத்திற்குப் புறப்படுவர். போகும்போது அப்பையில் குழந்தை உறங்கும். வரும்போது கிழங்கும் விறகும் நிறைந்திருக்கும்.

உணவு பெரும்பாலும் சேம்பும் வற்றாளங்கிழங்குமே. வற்றாளங்கிழங்கு அம்மலைகளுக்கு வந்து சில நூற்றாண்டுகளே ஆகின்றன. இன்று மலைநாட்டு மக்களும் அவர்களுடைய பன்றிகளும் அதனை நம்பியே வாழ்கின்றனர். 2015ஆம் ஆண்டில் வறட்சியோடு உறைபனியும் சேர்ந்து உயர்ந்த மலைகளிலே கிழங்குக் கொடிகளைக் கருக்கியபோது, ஒரே பயிரை நம்பிய வாழ்வின் துன்பம் எத்தகையது என்பது புலனாயிற்று.

இம்மக்களைக் ‘காட்டுவாசிகள்’ என்று சொல்வோர் இன்றும் உளர். புறப்படும்போது என் மனத்திலும் அச்சொல் இருந்ததென்பதை மறைக்க விரும்பவில்லை. நியூகினியின் நடுமலைகளில் மனிதரே இல்லை என்று வெளியுலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1930களில் பொன் தேடிச் சென்ற லேஹி சகோதரர்களும் அரசாங்க அதிகாரிகளும் அங்கே கண்டவை, மக்கள் நிறைந்த பள்ளத்தாக்குகளும் ஒழுங்காகப் பாத்தி கட்டிய தோட்டங்களுமே. வாகி பள்ளத்தாக்கிலுள்ள குக் என்னும் சதுப்பு நிலத்தை அகழ்ந்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு பயிர்ச்செய்கை நடைபெற்றமைக்குச் சான்று கண்டனர். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. பொங்கலன்று நாம் முற்றத்தில் நாட்டும் கரும்பைத் தொன்மைக் காலத்தில் பயிராக்கியவர்களும் நியூகினித் தீவினரே. அவர்கள் பயிராக்கிய கரும்பைத் தின்றுகொண்டு அவர்களையே காட்டுவாசிகள் என்பது நமக்கு அழகாகுமா?

நான் சென்ற மறுநாள் எனக்காக ‘முமு’ செய்தார்கள். குழியொன்று தோண்டி, நெருப்பிலே பழுக்கக் காய்ச்சிய கற்களை இட்டு, இலைகளில் பொதிந்த உணவை வைத்து மூடி வேகவைப்பது முமு. நான் புலால் உண்ணாதவன் என்பதை மாணவன் தாயிடம் கூறியிருந்தான். அவள் வியப்புடன் என்னை ஏறிட்டுப் பார்த்தாள், காரணம் கேட்கவில்லை. கிழங்கும் கீரையும் மட்டும் வைத்து வேறாக ஒரு பொதி கட்டி, பன்றியிறைச்சி படாதபடி குழியின் ஓரத்தில் வைத்தாள். விருந்தோம்பல் என்பது நமக்கே உரியதென்று பெருமை பேசுவோர் அக்காட்சியைக் கண்டிருக்க வேண்டும்.

அன்றிரவு மாணவனின் தந்தை என்னிடம், எத்தனை நாள் தங்குவீர் என்று வினவினார். விமானம் பத்தாம் நாள் திரும்பி வரும் என்றேன். உடனே அவர் தம் வலக்கைப் பெருவிரலைத் தொட்டார். பின்பு மற்ற விரல்களை வரிசையாகத் தொட்டு, மணிக்கட்டு, முன்கை, முழங்கை, புயம் என்று மேலேறித் தோளிலே நின்றார். “தோள் வரும் நாளில் நீர் போவீர்” என்றார்.

நான் நகைத்துவிட்டேன். மாணவன் தலைகுனிந்தான். ஆனால் முதியவர் சற்றும் வருந்தாது, சிறுவனுக்குக் கற்பிப்பதுபோல மேலும் தொடர்ந்தார். கழுத்து பதினொன்று, செவி பன்னிரண்டு, கண் பதின்மூன்று, மூக்கு பதினான்கு. அங்கிருந்து மறுபக்கக் கண்ணும் செவியுமாக இறங்கி, இடக்கைச் சிறுவிரலில் இருபத்தேழு என்று முடித்தார். மூக்கே நடு எண். அதற்கு இருபுறமும் பதின்மூன்று. என்ன செப்பமான ஒழுங்கு! பூமாலையை முழம்போட்டு அளப்பதும், விரற்கணுக்களைத் தொட்டு நாள் எண்ணுவதும் நம் வழக்கம் அல்லவா? என் பாட்டியும் அப்படித்தான் எண்ணினாள். அவளைப் பார்த்து நான் நகைத்ததில்லையே! நாணத்தால் என் முகம் கவிழ்ந்தது.

பின்னர் அவர் தம் பேரக்குழந்தைகளை எண்ணிக் காட்டினார். ஐவர், சிறுவிரலோடு நின்றது. அடுத்த அறையில் அவருடைய மூத்த மருமகள் நிறைமாதமாக இருந்தாள். முதியவர் மணிக்கட்டைத் தொட்டுப் புன்னகைத்தார்.

எட்டாம் நாள், அவர் கணக்கில் முழங்கையன்று, அதிகாலையில் அப்பெண்ணுக்கு நோவு கண்டது. ஊர்ப் பெண்கள் தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் செய்தனர். நண்பகலாகியும் குழந்தை பிறக்கவில்லை. இளைஞர்கள் இரண்டு தடிகளில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி, அவளைச் சுமந்து மலையிறங்கினர். மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மரக்கட்டைப் பாலத்திலே அவர்கள் அடிமேல் அடிவைத்து நடந்தபோது, பின்னே சென்ற நான் கண்களை மூடிக்கொண்டேன்.

ஓடுபாதையருகே ஒரு சிறு மருந்தகம் இருந்தது. அங்கிருந்த ஒரே தாதி தன்னாலியன்ற அளவு பாடுபட்டாள். வேண்டிய மருந்துகள் சில முடிந்துபோயிருந்தன. வானொலிக் கருவி மூலம் விமானத்தை அழைத்தார்கள். மேகம் மலைகளை மூடியிருந்தமையால் அன்று விமானம் இறங்க இயலவில்லை. இரவில் குழந்தை பிறந்தது, அதற்கு உயிரில்லை. மறுநாள் மேகம் விலகியபின் வந்த விமானத்தில் தாயைக் கொண்டு சென்றனர். அவள் பிழைத்தாள்.

பத்தாம் நாள் நான் புறப்பட்டேன். முதியவர் ஓடுபாதையில் நின்றார். “தோள்” என்று சொல்லித் தம் தோளைத் தொட்டார். பின்பு அவர் கை தானாகக் கீழிறங்கி மணிக்கட்டைப் பற்றியது. சற்று நேரம் அப்படியே இருந்து, விட்டுவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச நாவெழவில்லை.

அம்மக்களுக்கு எது குறைவு? அறிவில் குறைவில்லை, அன்பிலும் உழைப்பிலும் குறைவில்லை. குறைவாயிருந்தவை ஒரு பாலம், ஒரு மருத்துவமாது, ஒரு பெட்டி மருந்து. பேற்றின்போது தாய்மார் இறப்பது அந்நாட்டில் நம் நாட்டிலும் பல மடங்கு அதிகம். நம் தாய்மார் அவர்களிலும் அறிவு மிக்கவர்கள் என்பதா அதற்குக் காரணம்? ஒழுங்கைதோறும் வீடு தேடி வந்த மருத்துவமாதர் நமக்கு வாய்த்தனர். போர்க்காலத்திலும் குடையைப் பிடித்தபடி எங்கள் படலையைத் திறந்து வந்த அந்த அம்மாவை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அவர் வருகையை ஒரு பேறாக அன்று நினைத்ததில்லை, இன்று நினைக்கிறேன்.

இப்போது ஆண்டுதோறும் என் வகுப்பு மாணவருக்கு அந்த எண்வரிசையைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், நான் தடுப்பதில்லை. மூக்கைத் தொட்டு, இதுவே நடு எண் என்று தாமே கண்டுகொண்டதும் சிரிப்பு வியப்பாக மாறிவிடும். பிள்ளைகள் இருபத்தேழு வரை தடையின்றி எண்ணிச் செல்வார்கள். அவர்களோடு சேர்ந்து எண்ணும்போது நான் மட்டும் மணிக்கட்டிலே சற்று நின்றுவிடுவதுண்டு.