கட்டைவிரல் படிக்கும் காய்

கைபேசியில் மாஜோங் காய்களை ஜோடி சேர்க்கும் விளையாட்டை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். 144 காய்கள் அடுக்கிக் கிடக்கும். ஒரே மாதிரி இரண்டைத் தேடித் தொட்டால் மறைந்துபோகும். 1981இல் பிராடி லாக்கார்ட் அதை பிளேட்டோ கணினியில் உருவாக்கினார். 1986இல் ஆக்டிவிஷன் ‘ஷாங்காய்’ என்ற பெயரில் வெளியிட்டது. புதிர் விளையாட்டுகளை வடிவமைப்பது என் தொழில். அந்தக் காய்களை எத்தனையோ முறை திரையில் வரைந்திருக்கிறேன், கையில் தொட்டதில்லை. ஹாங்காங் போனபோது, கையால் காய் செதுக்கும் பெரியவர் ஒருவரைத் தேடி கவுலூனுக்குப் போனேன்.

கடை என்றால் நாலு பேர் நின்றால் அடைத்துக்கொள்ளும் இடம்தான். கூட வந்த தோழி கான்டனீஸ் பேசுவாள். அவரை “சீஃபூ” என்று அழைத்தாள். தொழில் கைவந்தவரை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் எலும்பையும் மூங்கிலையும் ஒட்டிச் செய்த காய், இப்போது பிளாஸ்டிக். வெற்றுக் காய்களை ஒரு பல்புக்கு அடியில் சூடேற்றுகிறார். லேசாக இளகினால்தான் உளி இறங்கும், ஆறிவிட்டால் விளிம்பு உடையும். சூடு பதமாக இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் செதுக்கி முடிக்க வேண்டும். பென்சில் கோடு கிடையாது. எண் எழுத்துகளை நேராகக் கத்தியாலேயே எழுதுகிறார். வட்டங்களுக்குத் தனிக் கருவி: நம் பழைய தச்சர்கள் கயிறு இழுத்துச் சுழற்றும் துரப்பணத்தின் சாயல். ஒரு இழுப்பு, ஒரு வட்டம். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயத்தை மேலே தாராளமாகப் பூசிக் காயவிட்டு, மேற்பரப்பைச் சுரண்டி எடுக்கிறார். பள்ளத்தில் இறங்கிய சாயம் மட்டும் மிஞ்சுகிறது.

மூங்கில் படம் போட்ட வரிசையின் ஒன்றாம் எண்ணில் மூங்கில் இருக்காது, ஒரு பறவை இருக்கும். அதற்கு மட்டும் அவர் நேரம் எடுத்துக்கொண்டார். வால் இறகைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடலாம் என்றார்.

திடீரென்று ஒரு காயைக் கவிழ்த்து என் கையில் வைத்தார். “பார்க்காதே, தடவிச் சொல்” என்றாராம். கட்டைவிரலால் தடவினேன். குழிவுகள் தெரிந்தன, எண்ண முடியவில்லை. வாங்கி ஒரே தடவலில் “ஆறு வட்டம்” என்றார். திருப்பினார். ஆறுதான். பழகிய ஆட்டக்காரர்கள் சுவர்போல அடுக்கிய காய்களிலிருந்து ஒன்றை எடுத்து முகத்துக்குக் கொண்டுவருவதற்குள் விரலாலேயே படித்துவிடுவார்கள். அந்த விரலுக்காகத்தான் ஆழமாகச் செதுக்குகிறார். கண்ணுக்கு மட்டும் என்றால் அச்சடித்தே விட்டிருக்கலாம். இத்தனை வருடம் நான் காயை வெறும் படமாகவே நினைத்திருந்தேன்.

மேஜையில் ஆடும் அசல் மாஜோங் விளையாட்டின் கணக்கும் காயை எடுக்கும் அந்த ஒரு கணத்தைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறது. மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை, எல்லாம் நந்நான்கு: 108. திசைக்காய்கள் 16, டிராகன் காய்கள் 12, பூவும் பருவமும் சேர்ந்து 8. ஆக 144. கையில் 13 காய்கள் இருக்கும், ஜெயிக்க 14 வேண்டும். எப்போதும் ஒன்று குறைவு. ஒன்று எடு, ஒன்று போடு. குறை தீராமல் மாறிக்கொண்டே இருக்கும். பூவும் பருவமும் தவிர எல்லாக் காயும் நந்நான்கே என்பதால், தேடுகிற காயில் மூன்று மேஜையில் விழுந்துவிட்டால் நம்பிக்கை எவ்வளவு மிச்சம் என்று எண்ணிச் சொல்லலாம். அடுத்த காய்க்கு ஏங்க வைப்பது இந்தக் குறைதான். பரிசுப் புள்ளிகளையும் பட்டாசுச் சத்தத்தையும் அள்ளிக் கொட்டும் எங்கள் திரை விளையாட்டுகள் இதன் பக்கத்தில் எளிமையாக நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த எளிமைக்கு ஒரு உதாரணம்: வெள்ளை டிராகன் என்ற காயைச் சில செட்டுகளில் செதுக்காமலே விட்டுவிடுகிறார்கள். விரல் முதலில் அடையாளம் காண்பது அதைத்தான்.

2014இல் ஹாங்காங் அரசு வெளியிட்ட 480 பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இந்தத் தொழிலும் இருக்கிறது. ஆனால் இயந்திரம் செதுக்கிய செட்டு மலிவாகக் கிடைக்கும்போது கைவேலைக்குக் காத்திருப்பவர்கள் குறைவு. கற்றுக்கொள்ள யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். ஒரு மதியம் பழகிப் பார்க்க வருகிறார்களாம், தங்குவதில்லையாம். சொல்லும்போது அவர் கை நிற்கவில்லை. எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும் நேரத்தில், முடிந்த செட்டைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கினார். முதுகுப் பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு காயில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் எதிராளிக்கு அது அடையாளமாகிவிடும், ஆட்டமே கெட்டுப்போகும். விளக்கை இழுத்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்றார். நான் குனிந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காயைத் தனியே எடுத்துத் திருப்பினார். ஒன்றாம் மூங்கில், அந்தப் பறவை. ஒன்றும் பேசாமல் ஒரு வெற்றுக் காயை எடுத்து பல்புக்கு அடியில் வைத்தார்.