இது நீ எழுதினதோ?

இப்பெல்லாம் ஒருத்தர் கொஞ்சம் வடிவா எழுதிப்போட்டால், பாராட்டுக்கு முதல் வாறது சந்தேகம்தான். "இது நீ எழுதினதோ, ஏஐ எழுதினதோ?" கூட்டாளிமார் கேட்டால் பகிடி. மார்க்ஸ் போடுற ஆள் கேட்டால் கதை வேற.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்குக் கம்பஸில இது நடந்தது. அவள் ஆங்கிலத்தில எழுதிக் குடுத்த அசைன்மென்ட்டை விரிவுரையாளர் ஒரு கருவியில போட்டுப் பார்த்திருக்கிறார். முக்கால்வாசி ஏஐ எண்டு அது சொல்லியிருக்கு. அவள் மூண்டு இரவு முழிச்சிருந்து எழுதினதை அதே அறையில இருந்த நான் பார்த்தனான். "நான்தான் எழுதினன் எண்டு எப்பிடியடி காட்டுறது?" எண்டு கேட்டாள். கூகுள் டொக்ஸில அவள் எழுதி, அழிச்சு, திருப்பி எழுதின பதிவெல்லாம் இருந்தபடியால் ஒருமாதிரித் தப்பினாள். அடுத்த அசைன்மென்ட்டில வேணுமெண்டே ரெண்டு மூண்டு பிழை விட்டாள். மனுசர் எழுதின மாதிரி இருக்கட்டுமாம்.

இந்தக் கருவிகளை எவ்வளவு நம்பலாம்? சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில அப்படி ஒண்டை வெளியிட்டது. அவர்களின் சொந்தச் சோதனையிலேயே, ஏஐ எழுதினதில 26 வீதத்தைத்தான் அது பிடிச்சது. மனுசர் எழுதினதில 9 வீதத்தை ஏஐ எண்டு பிழையாச் சொன்னது. துல்லியம் போதாது எண்டு ஜூலையில நிப்பாட்டிப்போட்டினம்.

அதே வருசம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதின 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில சோதிச்சினம். சராசரியா 61 வீதம் ஏஐ எண்டு வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின்ர கட்டுரைகளை அதே கருவிகள் அனேகமாச் சரியாச் சொல்லிச்சுது. காரணம் விளங்கக் கஷ்டமில்லை. அடுத்து வாற சொல்லை எவ்வளவு லேசா ஊகிக்கலாம் எண்டதை வைச்சுத்தான் இப்படியான கருவிகள் பெரும்பாலும் தீர்மானிக்குது. இரண்டாம் மொழியில எழுதுற ஆள் தனக்கு நல்லாத் தெரிஞ்ச சொல்லையும் வசனத்தையும்தான் பாவிப்பார். எங்கட ஆக்கள் கனபேர் ஆங்கிலம் எழுதுறது அப்படித்தானே.

சரி, மெஷினை விடுவம். வாசிக்கிற எங்களுக்குத் தெரியாதோ? 2024இல வந்த ஒரு ஆய்வில, 1,600க்கு மேற்பட்டவர்களுக்குப் பெயர்பெற்ற ஆங்கிலக் கவிஞர்களின் கவிதைகளையும், அவர்களைப்போல சாட்ஜிபிடி எழுதினதையும் கலந்து குடுத்தினம். சரியாச் சொன்னது 46.6 வீதம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதைவிடக் கொஞ்சம் கூட வந்திருக்கும்! லேசா விளங்கின கவிதையை மனுசன் எழுதினது எண்டும், விளங்காததை மெஷின் எழுதினது எண்டும் கனபேர் நினைச்சிருக்கலாம் எண்டு ஆய்வாளர்கள் சொல்லினம்.

இதில எனக்கு உறுத்துற விசயம் ஒண்டிருக்கு. ஓ.எல் தமிழுக்கு நாங்கள் எப்படிக் கட்டுரை எழுதினனாங்கள்? ரியூசனில தந்த நோட்ஸைப் பாடமாக்கி, தொடக்கத்தில ஒரு பழமொழி, நடுவில மூண்டு பந்தி, முடிவில "எனவே". முப்பது பேரும் ஒரே கட்டுரை. அப்ப ஒருத்தரும் "இது நீ எழுதினதோ?" எண்டு கேக்கேல்லை. ஏ போட்டுத் தந்தவை. யோசிக்காமல் எழுதுறதுக்கு மார்க்ஸ் தந்த அதே பழக்கம், இப்ப யோசிச்சு எழுதின பிள்ளையைக் கள்ளராக்குது.

ஏஐயிட்டக் குடுத்து எழுதுவிக்கிற ஆக்கள் இல்லை எண்டு நான் சொல்லேல்லை. நிறையப் பேர் இருக்கினம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வீதக்கணக்குப் போதாது. எழுதின ஆளைக் கூப்பிட்டுப் பத்து நிமிசம் கதைச்சால் போதும்: ஏன் இந்த உதாரணம், எதை எழுதி வெட்டினனீர், எந்தப் புத்தகத்தில பார்த்தனீர்? தானே எழுதின ஆள் தடக்கித் தடக்கியெண்டாலும் சொல்லும். அதுவரைக்கும் உங்கட பழைய டிராஃப்டுகளை அழிச்சுப்போடாதேங்கோ. பிழைவிட்டும் எழுதாதேங்கோ.