பூட்டிய கோயிலின் உரிமையாளர்

வெள்ளாற்றின் தென்கரையில் உள்ளது லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டத்தின் நான்கு பேரூராட்சிகளுள் இதுவும் ஒன்று. ஆற்றுக்கு அக்கரை கடலூர் மாவட்டம். வைத்தியநாத சுவாமி எழுந்தருளியிருக்கும் திட்டக்குடி அருகிலேயே இருக்கிறது. இஸ்லாமியக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இவ்வூரிலிருந்து கடல் கடந்து பொருள் ஈட்டச் சென்றோர் பலர். ஆகவே தெருவில் நடப்பவர் கண்ணில் பூட்டிய வீடுகள் சில தென்படாமல் போவதில்லை. வாசலில் சருகு குவிந்திருக்கும். திண்ணையில் ஆடு படுத்திருக்கும். ஆயினும் அதை உரியவர் அற்ற வீடு என்று ஒருவரும் எண்ணுவதில்லை. உரியவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். சாவி அடுத்த வீட்டில் இருக்கிறது. அவ்வளவே.

அதே எண்ணத்தோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டால், கரிசல் நிலத்துப் பருத்தியும் மக்காச்சோளமும் நெடுந்தொலைவு துணை வரும். அரியலூரை நெருங்க, சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகள் தோன்றும். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் கடல்வாழ் உயிர்களின் கல்லான கூடுகள் கிடைக்கும் பூமி இது. அலை அடித்த இடத்தில் இன்று லாரி ஓடுகிறது. அங்கிருந்து உடையார்பாளையம் வட்டத்திற்குள் சென்று, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியை அடைந்தால் ஸ்ரீபுரந்தான் வரும். கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் திரளும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இவ்வூர்ப் பக்கம் திரும்புவதில்லை. இங்கும் ஈசனுக்குப் பிரகதீஸ்வரர் என்றே திருநாமம். இதுவும் சோழர் காலத்துக் கற்றளியே.

இக்கோயிலில் வழிபாடு நின்றுபோய்ப் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. உள்ளே உற்சவத் திருமேனிகள் இருந்தன. பாதுகாப்பான இடத்துக்கு அவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2008-இல் அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது எட்டுத் திருமேனிகளைக் காணவில்லை. களவு போனது 2006-ஐ ஒட்டி எனப் பின்னர் விசாரணையில் தெரியவந்தது. விளக்கேற்ற ஒருவர் நாள்தோறும் வந்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்க வேண்டிய செய்தி, ஊருக்குத் தெரிய அத்தனை காலம் ஆயிற்று.

அதற்குள் நடராஜர் ஆஸ்திரேலியா சென்றுவிட்டார். நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு அத்திருமேனியை வாங்கியது. உமா பரமேஸ்வரி அம்மை சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் அமர்ந்தாள். விற்றவர் காட்டிய தாள்களில் நடராஜர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாக எழுதப்பட்டிருந்தது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே போனதாகக் காட்டிவிட்டால் தொல்லை இல்லை என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள். ஊரார் மறந்திருந்த கோயிலுக்குள் ஆய்வாளர் ஒருவர் காமிராவோடு நுழைந்தது எத்துணைப் பெரிய தொண்டாக முடிந்தது!

பூசை நின்று, கதவடைத்துக் கைவிடப்பட்ட கோயிலின் பொருள் யாருக்குச் சொந்தம்? சட்டத்தின் முன் இக்கேள்வி புதிதன்று. மண்ணுக்குள் மறைந்து கிடந்து, உரியவர் இன்னார் என்று தெரியாத பொருளுக்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. ஆனால் கோயில் திருமேனிக்கு உரியவர் இருக்கிறார். தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர்; சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்குத் தொடுக்கவும் வல்லவர். லண்டன் பிரிவி கவுன்சில் 1925-இலேயே ஒரு வங்காளக் குடும்பத்து வழக்கில் இதனை ஏற்றது. அந்த நபரை என்றும் வயதுக்கு வராத மைனராகவே நீதிமன்றங்கள் கருதி வந்துள்ளன. வங்கியில் மைனர் பெயரிலுள்ள கணக்கைக் காப்பாளர் இயக்குவார். பணம் காப்பாளருடையது ஆகிவிடாது. அதுபோலவே அறங்காவலர். அவர் கடமை தவறினால், தெய்வத்தின் சார்பில் பக்தர் ஒருவரே வழக்காடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பத்தாண்டு எவரும் தொடாத வைப்புத்தொகை இன்று ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. அதிலும்கூட உரியவர் பின்னொரு நாள் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். கைவிடுவது என்பதற்கு உரியவரின் மனம் வேண்டும். மைனரின் பொருளை அவர் கைவிட்டதாகப் பிறர் எப்படிச் சொல்ல முடியும்?

ஸ்ரீபுரந்தானுக்கு வழிகாட்டியாக நின்றவர் மற்றொரு நடராஜர். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரைச் சேர்ந்தவர். அங்கே விசுவநாத சுவாமி கோயில் இடிபாடாகக் கிடந்தது. 1976-இல் கூலித் தொழிலாளி ஒருவர் மாட்டுக்கொட்டகை போட மண்ணைத் தோண்டியபோது திருமேனிகள் வெளிப்பட்டன. கைமாறிக் கைமாறி லண்டன் சேர்ந்த நடராஜரை, கனடாவின் பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் 1982-இல் வாங்கிற்று. லண்டன் மாநகரப் போலீசார் அத்திருமேனியைக் கைப்பற்ற, நிறுவனம் போலீசார் மீதே வழக்குத் தொடுத்தது. இந்திய அரசும் தமிழக அரசும் வழக்கில் சேர்ந்தன. கோயிலும் சேர்ந்தது. இடிபாட்டிலிருந்து எடுத்து மீண்டும் நிறுவப்பட்ட சிவலிங்கமும் ஒரு வழக்காளி ஆயிற்று!

இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு இது விந்தையாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆயினும் அது பொறுமையோடு கேட்டது. தொல்லியலறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட ஆராயப்பட்டன. கோயில் பாழடைந்தாலும் அதை எடுப்பித்தவரின் திருவுளம் அழியவில்லை. சிவலிங்கத்தின் உருவில் அது தொடர்கிறது என்ற கருத்தை 1988-இல் நீதிபதி ஏற்றார். 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் உரிமையை உறுதி செய்தது. பன்னூறாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சிவத்தொண்டர் கொண்ட எண்ணம் தேம்ஸ் நதிக்கரையில் வழக்கை வென்றது. அவ்வாண்டே நடராஜர் தாயகம் திரும்பினார்.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் அத்தனை காலம் காத்திருக்க நேரவில்லை. சுபாஷ் கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியில் பிடிபட்டு 2012 ஜூலையில் தமிழகம் கொண்டுவரப்பட்டார். அதே அரியலூர் மாவட்டத்துச் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் களவு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதற்கு முன்பே, 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் நடராஜரை நேரில் ஒப்படைத்தார். உமா பரமேஸ்வரி 2015-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பினாள்.

ஆனால் நடராஜர் ஸ்ரீபுரந்தான் வந்து சேரவில்லை. கும்பகோணம் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டு, அந்நகரின் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். காவலும் பூட்டும் இல்லாத ஊருக்கு மீண்டும் அனுப்ப அதிகாரிகள் அஞ்சியதில் நியாயம் இருக்கிறது. எனினும் தீபாராதனை காண வேண்டிய திருமேனி வரிசை எண்ணோடு நிற்பதை எண்ணினால் மனம் ஒப்பவில்லை. உரிமை அவருடையது என்று உலகமே ஒப்புக்கொண்டது. குடியிருப்பு மட்டும் வேறிடத்தில் அமைந்தது.

ஸ்ரீபுரந்தான் செல்வோர், கல்லால் ஆன மூலவரைக் களவாட எவராலும் இயலவில்லை என்பதை நினைத்துக்கொள்ளலாம். பெருவுடையார் வடகரையில். ஆடல்வல்லானை வைத்த கும்பகோணமோ ஆற்றுக்குத் தெற்கே. கடல் கடந்து கான்பெராவிலிருந்து வந்தவருக்கும் அவருடைய இல்லத்துக்கும் இடையே கொள்ளிடம் ஓடுகிறது.